மாதா ஏறாத மாடி

போன வருடம் அக்டோபரில், ஒரே மாதத்தில் இரண்டாவது முறையாக மாதா எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் ஈசிச்சேரை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பனியனோடு சாய்ந்தபடியே கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.

"இன்னாமே, இப்பத்தான வந்துட்டுப் போனாங்க? அதுக்குள்ள மறுபடியுமா? நம்ம மூஞ்சியப் பாத்துப் பாத்து மாதாவுக்கே பேஜாராயிருக்கும்."

"மொதல்ல எழுந்து நில்லுய்யா. சட்டையப் போடு" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, அவர் சொன்னதில் தப்பில்லை என்று எனக்கே தெரியும். அதனால்தான் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தினேன்.

ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களைத் தெருத்தெருவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் ஓர் அன்பியம் என்பார்கள். எங்கள் தெரு அன்பியத்துக்கு நான்தான் தலைவி. அக்டோபர் செபமாலை மாதம். மாதா சுரூபம் வைத்த கண்ணாடிப் பெட்டி அந்த மாதம் முழுக்க நாளுக்கு ஒரு வீட்டில் தங்கும். சாயங்காலம் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்லுவோம். சுண்டலோ பன்னோ டீயோ கிடைக்கும். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாடியபடி அடுத்த வீட்டுக்குப் போவோம்.

நான் இந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்தபோது அக்டோபரில் இருக்கும் நாட்களைவிடத் தெருவில் வீடுகள் அதிகம். மாதா யார் வீட்டுக்கு வருவது, யார் வீட்டை விடுவது என்று செப்டம்பரிலேயே சண்டை ஆரம்பித்துவிடும். என் மாமியாரும் எதிர் வீட்டுக்காரியும் முதல் நாளுக்காக முட்டிக்கொண்டு வருடக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். கோயிலில் பக்கத்துப் பக்கத்தில் முழங்காலில் நின்று சமாதானத்துக்காக வேண்டிக்கொள்வார்கள். வெளியே வந்தால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இப்போது பாதி மாதத்திலேயே வீடுகள் தீர்ந்துவிடுகின்றன. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் உழைத்தவர்கள் பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைத்தார்கள். படித்த பிள்ளைகள் கனடாவுக்கும் வளைகுடாவுக்கும், அது கிடைக்காதவர்கள் போரூருக்கும் போனார்கள். போனவர்களுக்கும் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகள்தான். எனக்கே ஒரே மகள், அவளும் டொராண்டோவில். பள்ளிக்கூடம், வேலை, விசா என்று வீட்டுக்கு வீடு வேண்டுதல் வைத்தோம். மாதா ஒன்றுவிடாமல் நிறைவேற்றிக் கொடுத்தார். கடைசியில் தெருவில் நாங்கள்தான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வயதில் சின்னவர்.

"அம்மா, உங்க தெருவுல ஆளு ரொம்பக் கொறஞ்சு போச்சுல்லா. இந்த மாசம் முடியட்டும். அப்புறம் பின்தெரு அன்பியத்தோட சேத்துருவோம்னு பாக்கேன். நீங்க என்ன சொல்லுதீங்க?"

நான் என்ன சொல்வது? திருவிழாவில் மாதா தேரின் முன்பக்கத் தண்டுக்குத் தோள் கொடுப்பது எங்கள் தெரு. எங்கள் அன்பியத்துக்கென்று தனிக் கொடி, தனிப் பெயர். சேர்த்துவிட்டால் கொடியைச் சுருட்டிப் பரணில் போடவேண்டியதுதான். முன் தண்டு பின்தெருவுக்குப் போய்விடும். இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் அவர்கள் ராயபுரத்தில் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

போதாக்குறைக்குப் பின்தெரு தலைவி அங்கேயே, செருப்பு மாட்டுவதுபோல, காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா யோசிக்கிற? ஒண்ணா இருந்துக்கலாம். நீ வந்து உக்காந்தா மட்டும் போதும், எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

உட்கார்ந்தால் போதுமாம். எனக்குக் காதில் புகை வராத குறைதான். "மாசம் இன்னும் முடியல இல்ல ஃபாதர்? அதுக்குள்ள நான் குடும்பத்தக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். எங்கிருந்து காட்டுவேன் என்று எனக்குத் தெரியாது. வாய் முந்திக்கொண்டுவிட்டது.

எங்கள் வீட்டுக்கு எதிரில் ஒரு பாய் தையற்கடை வைத்திருக்கிறார். மதிய வெயிலில் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாளும் அங்கே வந்து உட்காருவாள். அன்றைக்கு நானும் போய் உட்கார்ந்து, எங்கள் ஜனம் குறைந்துவிட்டது என்று புலம்பினேன்.

"ஒங்க ஆளுங்களா கொறஞ்சாங்க?" என்றார் பாய். "எங்க ஆளுங்க எங்கக்கா கீறாங்க? பாதிப்பேரு மாதவரத்துல, மீதிப்பேரு துபாய்ல. நோம்புக் கஞ்சி காய்ச்சினா குடிக்கறதுக்கு ஒங்க வூட்டுக்கெல்லாம்தான் குடுத்தனுப்பறேன்."

பூக்காரம்மா விடவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பெருத்துக்கினே போறீங்கன்னு நான் நெனச்சிக்கினு கீறேன். ஆடி மாசம் கூழ் அண்டாவ எறக்கறதுக்கு எங்க தெருவுல ஆம்பள ஆள் இல்ல. எங்க ஜனந்தான் கொறஞ்சிப் போச்சு."

டிவியில் எப்போதும் யாரோ பெருகிக்கொண்டே போகிறார்கள். எங்கள் தெருவிலோ பெருகியவர் என்று ஒப்புக்கொள்ள ஒருவரும் இல்லை. மூன்று மதமும் ஒரே தையற்கடையில் உட்கார்ந்து, நீதான் அதிகம், நான்தான் குறைவு என்று மல்லுக்கட்டினோம். பாய் ஊசியில் நூல் கோப்பதைக்கூட நிறுத்திவிட்டார். கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில் மூவரும் ஒத்துப்போனோம். இந்திக்காரர்கள்தான் அதிகமாகிவிட்டார்கள். இதை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது நான்.

எனக்கு அதைச் சொல்ல உரிமை இருப்பதாக ஒரு நினைப்பு. புறநகர் ரயில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று எனக்கு முன்னால் யாருக்குத் தெரியும்? தமிழும் தெலுங்குமாக நீண்ட கைகளோடு ஒரிசாவும் பீகாரும் ஜார்க்கண்டும் வந்து சேர்ந்ததை அந்தக் கவுண்டர் துளை வழியாகத்தான் பார்த்தேன். அவர்களுக்காக இந்தியும் கற்றுக்கொண்டேன். கிதர் ஜானா ஹை, சுட்டா தோ, லைன் மே ஆவ். எங்கே போகணும், சில்லறை கொடு, வரிசையில் வா. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே மரியாதையாகக் காலம் தள்ளிவிட்டேன். நாலாவது வாக்கியம் தேவைப்படவில்லை. கவுண்டருக்குள் இருந்து பார்த்தால் எதிரில் நிற்பவர் எல்லோரும் வேறெங்கோ போகிறவர்கள்தான்.

தெரு முனையில் ஒரு மாடி வீடு. கீழே வலை வைக்கும் குடோன், பக்கவாட்டில் இரும்புப் படி, மேலே வாடகை அறைகள். வீட்டுச் சொந்தக்காரர் நெற்றி நிறைய விபூதி பூசுபவர். எங்கள் வீடுகளில் கதவில் சிலுவை ஸ்டிக்கர் இருக்கும், டிசம்பரில் நட்சத்திரம் தொங்கும். அவர் வீட்டில் இரண்டும் கிடையாது. சொந்தக்காரர் என்ன சாமி கும்பிடுகிறாரோ குடியிருப்பவரும் அதே சாமி என்பது எங்கள் தெருக் கணக்கு. அதனால் மாதா அந்த மாடி ஏறியதே இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் பாடியபடி அதைத் தாண்டிப் போவோம். படியில் ஓர் இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு நிற்பாள். பெட்டி கிட்டே வரும்போது முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொள்வாள். வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தேன். பெட்டி இடித்துவிடப் போகிறதே என்று, "சைடு, சைடு" என்பேன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு படி மேலே ஏறிக்கொள்வாள்.

மாதத்தின் பின்பாதியில் ஒரு நாள், மாதாவைத் தூக்கிக்கொண்டு பாதி தெரு போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழைக்கு எங்கள் தெருவைக் கண்டால் தனி ஆசை. கடலுக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியாமல் தண்ணீர் கணுக்கால் வரை ஏறிவிட்டது. பெட்டியைத் தூக்கி வந்த இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒருவர் என் வீட்டுக்காரர். அவருக்கு மூட்டு வலி வேறு.

"மாதாவ இறக்குங்கடா, நான் வுழுந்துடுவேன்" என்று அலறினார்.

இறக்கி வைக்கத் தண்ணீர் ஏறாத இடம் அந்த இரும்புப் படி ஒன்றுதான். அதில் ஏறினோம். மேலே அறைக் கதவு திறந்தது. அந்தப் பெண் ஓடிவந்து, தான் நனைவதைப் பார்க்காமல், முந்தானையை விரித்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் போர்த்தினாள். அப்படியே படியில் முழங்காலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். எங்களைப் போலவேதான் போட்டாள். நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள்.

தினமும் இவளைப் பார்த்து "சைடு, சைடு" என்றது என் வாய்தான். இருபது வருடமாக அன்பியத்தில் பேசிப் பேசித் தேய்ந்த வாய்.

மாதாவை உள்ளே கொண்டுபோய் அவர்களுடைய தகரப் பெட்டி மேல் வைத்தார்கள். ஒரே அறை. ஓரத்தில் அடுப்பு, சுவரில் மாதா படம், அதன் பின்னால் சிலுவையாக முடைந்து செருகிய குருத்தோலை. காய்ந்து பழுப்பேறியிருந்தது. ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று எங்கள் கோயில் வாசலில் கொடுக்கும் ஓலை. முனையை உள்ளே மடித்துச் செருகும் அந்த மடிப்பு எங்கள் கோயிலுக்கே உரியது, அதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். அப்படியானால் இவர்கள் எங்கள் கோயிலுக்கு வந்திருக்கிறார்கள். என்னிடம் ஓலைகூட வாங்கியிருக்கலாம்.

உள்ளேயிருந்து அவள் கணவன் துண்டோடு வந்தான். திருவொற்றியூர் பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலையாம். முந்தைய நாள் ராத்திரி ஷிப்ட் போலிருக்கிறது, தூக்கக் கலக்கத்தோடு எங்கள் வயசானவர்களின் தலையை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டான். எனக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்று இருந்தது. எங்கிருந்து வந்தீர்கள், எத்தனை வருடமாக, ஏன் சொல்லவில்லை என்று எல்லாவற்றையும் கேட்க வேண்டும். அதற்கெல்லாம் என்னிடம் இந்தி இல்லை. இருந்தது வாயில் வந்தது.

"கிதர் ஜானா ஹை?"

அவன் துண்டைப் பிழிந்தபடி சொன்னான். "எங்கயும் போவல ஆன்ட்டி. இங்கதான் கீறோம்."

அசல் ராயபுரத்துத் தமிழ். யார்டில் கற்றுக்கொண்டானாம். என் வீட்டுக்காரர் ஈரச் சட்டையோடு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்றைய செபமாலையை அங்கேயே சொன்னோம். நாங்கள் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்றால் அவர்கள் "ப்ரணாம் மரியா" என்றார்கள். வார்த்தை வேறாக இருந்தாலும் மணி ஒன்றாகத்தான் நகர்ந்தது. ஜார்க்கண்டில் காட்டுப் பக்கத்துக் கிராமமாம். தாத்தா காலத்திலிருந்தே கத்தோலிக்கர்களாம். ஞாயிறும் வேலை இருப்பதால் விடியற்காலை முதல் பூசைக்கு வந்து, கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போய்விடுவார்களாம். நான் இரண்டாம் பூசைக்காரி.

"எங்க ஆளுங்க இன்னும் கீறாங்க ஆன்ட்டி" என்றான். "பக்கத்து ரூம்ல எங்க அண்ணன் குடும்பம், ஐஸ் குடோனுக்குப் பின்னாடி எங்க ஊர்க்காரங்க. ஒரிசாக்காரங்களும் கீறாங்க. எல்லாம் நம்ம கோயிலுதான்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஃபாதரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரர்தான் கட்டையைப் போட்டார்.

"அவசரப்படாத. இன்னிக்கி கீறான், நாளைக்கி கான்ட்ராக்ட் முடிஞ்சா பொட்டியக் கட்டிக்கினு போய்க்கினே இருப்பான். வாடகைக்குக் கீறவன நம்பி தேர் தண்ட எப்படிப் புடிப்ப?"

நல்லவேளை, அந்த நேரம் பார்த்து மகள் கூப்பிட்டாள். நான் ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், அப்பா சொன்னதையும் சேர்த்துத்தான்.

"டாடி, இங்க எங்க கோயில்ல வெள்ளக்காரங்க யாரு வர்றாங்க தெரியுமா? எல்லாரும் வயசானவங்க, அதுவும் கொஞ்சம் பேர்தான். நாங்களும் பிலிப்பைன்ஸ்காரங்களும்தான் கோயில நடத்தறோம். நான் வந்த புதுசுல, பனி கொட்டற நாள்ல, ஒரு வெள்ளக்காரப் பாட்டிம்மா கோல ஊனிக்கினு நான் வாடகைக்கு இருந்த அண்டர்கிரவுண்ட் ரூமுக்கு எறங்கி வந்தாங்க. கேக் குடுத்துட்டு, ஞாயித்துக்கிழம வாசகம் நீ படிக்கிறியான்னு கேட்டாங்க. இவ வாடகைக்குத்தான இருக்கா, நாளைக்குப் போயிடுவான்னு அவங்க நெனச்சிருந்தா, நான் இந்த ஊர்ல யாரோட இருந்திருப்பேன்?"

அவள் இதை எங்களிடம் சொன்னதே இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் வீட்டுக்காரர் ஈசிச்சேரில் இல்லை. அந்த இரும்புப் படியில், மூட்டு வலியோடு, பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

மாதத்தின் கடைசி நாள் முறைப்படி மாதா மூன்றாவது தடவையாக எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அந்த நாளை நான் மாடிக்குக் கொடுத்தேன். முடிவு சொல்ல ஃபாதரும் அன்றைக்குத்தான் வந்தார். வந்தவரால் மாடி ஏற முடியவில்லை. அறை நிறைந்து, நடை நிறைந்து, படிக்குப் படி ஆள். வெள்ளையில் சிவப்புக் கரை போட்ட புடவை கட்டிய பெண்கள், அவர்கள் மடியில் குழந்தைகள், நடுநடுவே எங்கள் தெருவின் நரைத்த தலைகள். கீழே குடோன் வாசலில் பாய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விபூதி பூசிய வீட்டுச் சொந்தக்காரர் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஃபாதர் பாதிப் படியில் சிக்கிக்கொண்டார். "இது மொதப் பூசைக்கு வாற பிள்ளைகள்லா! நான் வேற ஏதோ பங்குன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."

"எங்க பங்குதான் ஃபாதர். எங்க தெருதான்" என்றேன். "இப்ப சொல்லுங்க, யார யாரோட சேக்கறீங்க?"

அவர் மேலேயும் கீழேயும் பார்த்தார். "ஒருத்தரோடயும் சேக்கல தாயே. மொதல்ல எனக்கு ஏற வழி விடுங்க." வழி கிடைக்காததால் நடுப்படியில் நின்றே ஆசீர்வாதம் கொடுத்தார்.

அதற்கப்புறம் மாந்தர் என்கிற நீளமான மேளம் ஒன்று வந்தது. பெண்கள் தெருவில் இறங்கி, இடுப்போடு இடுப்பாகக் கை கோத்து வரிசையாக ஆடினார்கள். அரிசியும் பருப்பும் அரைத்து எண்ணெயில் ஊற்றிச் சுட்ட துஸ்கா சூடாக வந்தது. "நம்ம அடை எண்ணெச் சட்டியில வுழுந்த மாதிரி கீது" என்றார் என் வீட்டுக்காரர், நான்காவதை எடுத்தபடி. மேளச் சத்தம் கேட்டுப் பின்தெரு தலைவி வந்து எட்டிப் பார்த்தாள். ஆடுகிறவர்களை ஒவ்வொருத்தியாக எண்ணினாள். பிறகு, "எங்க தெரு லாட்ஜு மாடிலகூட இவங்க ஆளுங்க கீறாங்க போலயேக்கா" என்று முணுமுணுத்துவிட்டு வேகமாகத் திரும்பி நடந்தாள். நான் தடுக்கவில்லை.

திருவிழாவில் முன் தண்டுக்கு எங்கள் தெருதான் தோள் கொடுத்தது. கண்டெய்னர் யார்டுத் தோள்கள். தேர் ஒரு தடவைகூடச் சாயவில்லை.

இந்த வருடம் செப்டம்பர் கடைசியில், மாதா எந்த நாள் எந்த வீட்டுக்கு என்று முடிவு செய்ய எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினோம். முதல் நாள் எங்களுக்கு என்பது என் மாமியார் போட்டுவிட்டுப் போன சட்டம். நான் அதை நினைவுபடுத்தத் தொண்டையைக் கனைத்தேன். மாடிப் பெண் எழுந்துவிட்டாள். இந்த ஒரு வருடத்தில் அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது, கூடவே கொஞ்சம் என் குணமும்.

"போன வருஷம் ஒங்க வூட்டுக்கு மாதா ரெண்டு தபா வந்தாங்க ஆன்ட்டி. இந்த வருஷம் நெறைய வூடு கீது. லைன்ல வாங்க."

வீடே சிரித்தது. என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கவுண்டருக்குள் இருந்து ஊருக்கெல்லாம் நான் சொன்னதை என்னிடம் ஒருத்தி திருப்பிச் சொல்ல இவ்வளவு காலமாகியிருக்கிறது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மூக்கு நுனி வரை தேடிப் பார்த்தேன், வரவில்லை.

எங்கள் முறை மாதக் கடைசியில்தான் வந்தது. தினமும் அடுத்தவர் வீட்டில் சுண்டலும் துஸ்காவும் தின்றுகொண்டு காத்திருந்தேன். அந்த நாள் சாயங்காலம் பாட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே வீட்டுக்காரர் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றுவிட்டார். மாடிப் பெண் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவர் கண்ணாடிப் பெட்டி முன்னால் குனிந்து மாதாவிடமே கேட்டார்.

"இன்னாம்மா, இத்தினி நாளா எங்க போயிருந்த?"

"எங்கயும் போவல அங்கிள்" என்றாள் அவள். "இங்கதான் கீறாங்க."